மச்சான் கட்டைவிரலும் ஒன்பது குச்சிகளும்

பதினொரு வருஷம் என் பிழைப்பு ஒரு கட்டைவிரலை நம்பியே ஓடியது. அது என் விரல்கூட இல்லை. என் மனைவியின் அண்ணனுடையது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் நான் கிரேன் ஆபரேட்டர். கூரையை ஒட்டி ஓடும் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, டன் கணக்கில் கனக்கும் வார்ப்புகளைத் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். கேட்பதற்குப் பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். உண்மையில் நான் செய்ததெல்லாம், கீழே நிற்பவர் கை காட்டுகிறபடி நாலு கைப்பிடிகளை முன்னும் பின்னும் தள்ளியதுதான். கீழே நிற்பவருக்குக் கலாசி என்று பெயர். பாரத்துக்குச் சங்கிலி மாட்டுவது அவர். அது அந்தரத்தில் ஆடாமல் இருக்க, அதில் கட்டிய கயிற்றை ஒரு கையில் இழுத்துப் பிடிப்பதும் அவர். இன்னொரு கையால் எனக்குச் சைகை காட்டுவதும் அவர். உலைச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. கைதான் பேச வேண்டும். கட்டைவிரல் மேலே போனால் தூக்கு. கீழே போனால் இறக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுத் தொட்டுப் பிரிந்தால் நூல் நூலாக இறக்கு. முஷ்டி மூடினால் நிறுத்து.

எங்கள் ஷாப்பில் அந்தக் கலாசி என் மச்சான்.

மேலே இருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் ஒரு கையும்தான். விசேஷ வீடுகளில் வெள்ளைச் சட்டையோடு எதிரே வந்தால், யார் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆகும். கேன்டீனில் நாலு பேர் நடுவில் அவர் என்னைச் சீண்டாத நாள் கிடையாது.

"ஆபரேட்டராம் ஆபரேட்டரு! நான் வெரல ஆட்டறேன், மேல குந்திக்கினு இவுரு ஆடறாரு. மாப்ள, உன் இடத்துல ஒரு பழக்கின கொரங்க வெச்சாலும் ஓடும்."

"ஓடும் மச்சான். ஆனா கொரங்குக்கு உங்க தங்கச்சியக் கட்டிக் குடுப்பீங்களா?"

"அதான் குடுத்தாச்சே!"

எல்லாரும் சிரிப்பார்கள். நான்தான் அதிகமாகச் சிரிப்பேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தக் கையை அப்படி நம்பினேன். கண்ணை மூடிக்கொண்டு என்று சொல்ல வந்தேன். கண்ணை மூடினால் கையைப் பார்க்க முடியாது.

மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய காலம் அது. ஒரு நாள் காலை, ஷிப்டுக்கு முன்னால் புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு கடையில் நாங்கள் இரண்டு பேரும் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மச்சான் இட்லியைப் பிட்டு, சாம்பாரில் தோய்த்து, வாய்க்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகத் தன் சட்டைப் பையில் வைத்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வழக்கம்போல ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது துண்டும் பையை நோக்கிப் போனபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக வழிந்திருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னால் உட்கார முடியாது.

பக்கவாதம். மூளையின் இடது பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் கால் திரும்பி வந்தது. வாயும் திரும்பி வந்தது. அதில் சூப்பர்வைசருக்குக் கொஞ்சம் வருத்தம். வலது கை மட்டும் வரவில்லை. தோள் தூக்கும், முழங்கை மடங்கும். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெல்ல அசையும். கட்டைவிரல் மட்டும் உள்ளங்கையில் குழந்தை மாதிரி படுத்துத் தூங்கியது.

கம்பெனி அவரைக் கைவிடவில்லை. ஸ்டோரில் ஒரு நாற்காலி போட்டு, கையுறையும் கண்ணாடியும் எடுத்துக் கொடுக்கிற வேலை கொடுத்தது. அவர் கேட்டது வேறு. "எனுக்கு ஃப்ளோருல நிக்கணும்" என்றார். மேனேஜர் தன்மையாகத்தான் சொன்னார்: கயிற்றுக்கு ஒரு கை, சைகைக்கு ஒரு கை, இரண்டும் இருந்தால் நாளைக்கே வரலாம், ஒரு கை வைத்துக்கொண்டு பாரத்தின் கீழே நிற்க விட முடியாது. அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் மச்சான் ஸ்டோர் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, புதுக் கலாசி கை காட்டுகிற அழகைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். அதுவும் இடது கையால்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதாந்தரச் சோதனைக்குப் போனபோது அங்கே ஒருவர் சொன்னார். பல்கலைக்கழகத்து மூளை நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, பக்கவாதம் வந்தவர்களுக்குத் தலைக்கு வெளியே காந்தத்தை வைத்துப் பார்க்கிறார்கள், தாமாக முன்வருகிற ஆட்கள் வேண்டும் என்று. 'அறுவை' என்ற சொல் காதில் விழுந்ததுமே மச்சான் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். கத்தி வைக்க மாட்டார்கள், ஊசிகூடக் கிடையாது என்று நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

"அறுக்கற டிபார்ட்மெண்டுல அறுக்காம வைத்தியமா? சமையக்காரன் பட்டினி கெடக்கச் சொல்ற மாரி கீதே."

"சும்மா பாத்துட்டு வரலாம் மச்சான். நான் கூட வரேன்."

"நீ வரதுதான் பயமே!"

அப்போது எங்கள் இருவருக்கும் இரண்டாம் ஷிப்ட். காலைகள் காலியாகத்தான் இருந்தன. நான் கும்மிடிப்பூண்டியில் எலக்ட்ரிக் ரயில் ஏறி ஜன்னல் ஓரம் பிடித்து வைப்பேன். அவர் கவரைப்பேட்டையில் ஏறுவார்.

ஆராய்ச்சி அறை என்றதும் நான் எதையெதையோ கற்பனை செய்திருந்தேன். பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒன்று, ஒரு கணினி, டிரங்குப் பெட்டி அளவில் ஒரு கருவி, அதிலிருந்து தடித்த கேபிளின் முனையில் எட்டு வடிவத்தில் ஒரு கரண்டி, அதுதான் காந்தம். அவ்வளவுதான். எங்கள் வெல்டிங் ஷாப்பே இதைவிட மிரட்டலாக இருக்கும். ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கொண்டையில் ஒரு பேனாவைச் செருகிவிட்டு, அதே பேனாவை மேஜையெங்கும் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. நம் ஆள்.

"ரெண்டு விஷயம் தெளிவா சொல்லிடறேன்" என்றார் மச்சானிடம். "இது ஆராய்ச்சி. குணமாகும்னு நான் சொல்லலை. அது தெரியாததாலதான் இதைச் செஞ்சு பாக்கறோம். இன்னொன்னு, சோதனைக்கு எல்லாருக்கும் நிஜக் காந்தம்தான், ஆனா அப்புறம் பத்து நாள் வைக்கறதுல பாதிப் பேருக்குத்தான் நிஜம். மீதிப் பேருக்கு அதே மாதிரி சத்தம் மட்டும் போடற, வேலை செய்யாத காந்தம். உங்களுக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, உங்க கையைச் சோதிச்சு மார்க் போடறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"இன்னா மேடம் இது! அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"காந்தத்தை மாட்டற டெக்னீஷியன் ஒருத்தருக்கு. அவர் வாயைத் திறக்க மாட்டார். அப்புறம் ஒட்டின கவர் ஒன்னுல இருக்கு. கடைசி ஆள் முடிஞ்சப்புறம்தான் பிரிப்போம்."

மச்சான் யோசித்தார். யோசித்துவிட்டு, "நாயம்தான்" என்றார்.

ஒப்பிட்டுப் பார்க்க, பக்கவாதம் வராத, ஏறக்குறைய அதே வயது ஆட்களும் வேண்டும் என்றார் டாக்டர். ஒரே ஒரு நாள் சோதனைதான். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

"மேடம், இவுர நல்ல மூளைன்னு எழுதிக்காதீங்கோ. அப்புறம் உங்க கணக்கே தப்பாப் பூடும்" என்றார் மச்சான்.

வலிப்பு வந்ததுண்டா, இதயத்தில் கருவி உண்டா என்று வரிசையாகக் கேட்டு, "தலைக்குள்ள, கண்ணுல ஏதாவது உலோகம்?" என்றார் டாக்டர்.

"உலோகம் இல்ல மேடம். மண்ணு இருக்கும்."

நான் அடக்கத்தோடுதான் சொன்னேன். ஆனால் நீச்சல்காரர்கள் மாட்டுகிற வெள்ளைத் தொப்பி ஒன்றை என் தலையில் மாட்டியபோது, அச்சு வார்க்கிற கருமணல் காதோரமாக உண்மையிலேயே உதிர்ந்தது. ஃபவுண்டரிக்காரன் எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் அது போகாது. டாக்டர் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தொப்பியின் மேல் பேனாவால் புள்ளிகள் வைக்க ஆரம்பித்தார்.

விரலின் துடிப்பைக் கணினியில் காட்ட, என் வலது கட்டைவிரலின் அடிச்சதையில் இரண்டு ஒட்டுகளை ஒட்டினார்கள். காதில் பஞ்சு. "கையைத் தளர்வா தலையணை மேல விட்டுடுங்க. எதுவும் செய்யாதீங்க" என்றார். எதுவும் செய்யாமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அந்தக் கரண்டியை என் தலையின் இடது பக்கத்தில் சாய்த்து வைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். யாரோ விரலால் சுண்டியது மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் நகர்த்தினார். டக். மணிக்கட்டு லேசாகத் துடித்தது. இன்னும் ஒரு விரல் அகலம் நகர்த்தினார். டக்.

என் கட்டைவிரல் எழுந்தது.

நான் எழுப்பவில்லை. இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். தட்டிவிட்டதால் அது எழவில்லை. கரெண்ட் ஷாக்கில் கை உதறுகிற மாதிரியும் இல்லை. நான் எப்படி எழுப்புவேனோ அதே மாதிரி, அதே அழகில், என்னைக் கேட்காமல் எழுந்து படுத்தது. நான் என் கையையே, பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தேன். அடுத்த டக். மறுபடியும் எழுந்தது. வாயில் ஒரு நகைச்சுவை வந்து நின்றது, வெளியே வரவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு நான் பேச்சிழந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். நேர்கோடாக ஓடிய ஒரு பச்சைக் கோடு, ஓரிடத்தில் மேலே ஏறிக் கீழே இறங்கி மறுபடியும் நேராகியிருந்தது. தலையில் சொடுக்கியதற்கும் விரலில் அந்த அலை எழுந்ததற்கும் நடுவே ஆன நேரம், ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு என்றார். நாற்பத்தைந்து வருஷமாக என் தலைக்கும் விரலுக்கும் நடுவே இந்த ஓட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மூக்கு சொறிந்தபோதும் பீடி பற்ற வைத்தபோதும் கைப்பிடியைத் தள்ளியபோதும் அது ஓடியிருக்கிறது. ஒரு நாள்கூட நான் அதைக் கவனித்ததில்லை. தொப்பியில் அந்த இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டார். என் மண்டையில் கட்டைவிரலுக்கென்று ஒரு வீடு, அதற்குக் கதவெண்கூட இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து மச்சான் உட்கார்ந்தார். முதலில் வலது பக்கத் தலையில் காந்தம். நல்ல கையான இடது கையில் கட்டைவிரல் துள்ளியது. "அடங்கொப்பன்! தூக்கறான் பாரு" என்று சிரித்தார். பிறகு இடது பக்கம். நாங்கள் எல்லாரும் வலது கையைப் பார்த்தோம்.

டக். பச்சைக் கோடு நேராகப் போனது. டாக்டர் ஒரு விரல் அகலம் நகர்த்தினார். டக். நேர்கோடு. கருவியின் பலத்தைக் கூட்டினார், மறுபடி நகர்த்தினார், மறுபடி கூட்டினார். மச்சானின் இமைகள் சுருங்கின, தாடை இறுகியது. விரல் தூங்கியது. கடைசியில் கருவியால் முடிந்த முழு பலமும் வைத்துப் பார்த்தாயிற்று. கோடு, தண்டவாளம் மாதிரி நேராகப் போயிற்று.

"ஒயரு அறுந்துபோச்சா மேடம்?" என்றார் மச்சான். குரலில் கிண்டல் இருந்தது. முகத்தில் இல்லை.

"தெரியலை. இன்னிக்கு வரலை, அவ்வளவுதான் சொல்ல முடியும். ரொம்ப மெலிசா மிச்சம் இருந்தா இதுக்கு எட்டாமலும் போகலாம். முழுசாப் போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒயர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் எல்லாம். இருந்தால் கை வர வாய்ப்புண்டு, இல்லையென்றால் ஸ்டோர் நாற்காலிதான் என்பது எங்கள் இருவருக்குமே புரிந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்து அறையில் இன்னொருவர், ஒன்பது குழி உள்ள ஒரு சின்னப் பலகையை மச்சான் முன்னால் வைத்தார். ஒரு கிண்ணியில் ஒன்பது குச்சிகள். ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் நட்டு, மறுபடியும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும். கடிகாரம் ஓடும். இடது கையில் மச்சான் நாத்து நடுகிற வேகத்தில் முடித்தார். வலது கையில் ஆரம்பித்தார். கட்டைவிரல் உதவாததால் மற்ற இரண்டு விரல்களின் இடுக்கில் குச்சியைக் கவ்வ வேண்டியிருந்தது. நெற்றியில் வியர்வை கொட்டியது. ஒரு குச்சி குழிக்குள் போனது. மற்றவை மேஜைக்கும் தரைக்கும் போயின. "போதும் சார்" என்று அவர் கடிகாரத்தை நிறுத்தினார்.

திரும்புகிற ரயிலில் மச்சான் எண்ணூர் தாண்டும் வரை வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "பெயிலு" என்றார்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. நல்ல மூளை என்று ஆராய்ச்சியே சான்றிதழ் கொடுத்த மூளை அல்லவா.

எங்கள் பேட்டையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கம்பெனியிலும் கிரேடு உயர வேண்டுமென்றால் கையால் ஒரு சாமான் செய்து காட்டும் டெஸ்ட் இருக்கும். என்ன சாமான் என்று எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். உடனே அதே மாதிரி ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்கிற அளவுக்குப் பழகிவிட்டுத்தான் டெஸ்டுக்குப் போவோம். அதை யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை. பழகாமல் போகிறவனைத்தான் பைத்தியக்காரன் என்போம். அதனால், அந்த ஒன்பது குழிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, என் கட்டைவிரல் நகத்தை அளவுகோலாக வைத்து, குழிக்குக் குழி எத்தனை நகம், குச்சி எத்தனை நகம் என்று மனசில் குறித்துக்கொண்டிருந்தேன்.

வார்ப்பு அச்சுக்கு மரத்தில் மாதிரி செய்கிற தச்சரிடம் ஒரு தேக்குத் துண்டு வாங்கினேன். துளை போட்டேன். லேத்தில் பித்தளைக் கம்பியைக் கொடுத்து ஒன்பது குச்சி கடைந்து வாங்கினேன். மறுநாள் ஸ்டோரில் மச்சான் முன்னால் வைத்ததும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை, பதினொரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

அதற்குப் பிறகு பத்து நாள் காந்தம் வைத்தார்கள். டெக்னீஷியன் வந்து மாட்டுவார், டக் டக் என்று அடிக்கும், கழற்றுவார். நிஜமா போலியா என்று அவர் முகத்தில் படிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. டீ வாங்கிக் கொடுத்தேன், ஊர் கேட்டேன், கிரிக்கெட் பேசினேன். அந்த மனிதர் முகம் கோட்டைச் சுவர். பிறகு ஒரு மாதம் இடைவெளி. அதன் பிறகு கடைசிச் சோதனை.

அவ்வளவு நாளும் மச்சான் பலகையும் கையுமாகவே இருந்தார். கையுறை கேட்டு வருகிறவனை, "இரு நைனா, ஒரு குச்சி பாக்கி கீது" என்று நிற்க வைத்தார். வீட்டில் சாப்பிடும்போதும் பக்கத்தில் பலகை. ஒரு குச்சி ரசத்தில் விழுந்து, அது யார் தட்டுக்குப் போனது என்று தெரியாமல் அவர் வீட்டில் எல்லாரும் பயந்து பயந்து மென்றார்களாம். முதல் வாரம் ஒன்று. இரண்டாவது வாரம் மூன்று. ஒரு நாள் கட்டைவிரல் உள்ளங்கையைவிட்டு ஒரு நெல் அளவு விலகி, குச்சியின் பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிரேன் கூண்டை நிமிர்ந்து பார்த்து, இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அந்தத் தூரத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

கடைசிச் சோதனை நாளில், ரயிலிலும் மடியில் பலகை வைத்துப் பழகிக்கொண்டே வந்தார். பிறகு அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். முதலில் குழிப் பலகைச் சோதனை. ஒன்பது குச்சியும் நின்றன. ஒன்றுகூடத் தரைக்குப் போகவில்லை. மார்க் போடுகிறவர் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு எழுந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டு வந்தார்.

டாக்டர் அம்மா தாளைப் பார்த்தார். கொண்டையிலிருந்த பேனாவை முதல் தடவையிலேயே கண்டுபிடித்து எடுத்தார், அத்தனை சந்தோஷம். "ஆறு வாரத்துல இவ்வளவா! இந்த மாதிரி இன்னும் சில பேருக்கு வந்தா, இதை எழுதி எல்லாருக்கும் சொல்லலாம். இதைப் பாத்துத்தான் மத்த ஊர்லயும் பேஷண்ட் தலையில காந்தம் வைக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க."

நான் மகள் பரிசு வாங்குவதைப் பார்க்கிற அப்பன் மாதிரி மலர்ந்து நின்றேன். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். பிறகு மஞ்சள் பையைத் திறந்து பலகையை எடுத்து, ஆஸ்பத்திரிப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இத்தப் பாத்துடுங்கோ மேடம். ஊட்லயே பழகிக்கினு வந்தேன். காந்தமா இதுவா, எது வேல செஞ்சிச்சின்னு எனுக்கே தெரியாது."

மார்க் போடுகிறவர் பலகையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லாமப் பூடலாம்னுதான் பாத்தேன். ஆனா நான் கை காட்டனா இருவது டன்னு எறங்கும் மேடம், அடியில ஆளு நிப்பான். பொய்க் கை காட்டிப் பழக்கமில்ல." பிறகு முகவாயால் என்னைக் காட்டினார். "இந்த ஐடியா குடுத்த மகானுபாவன், அதோ ஒன்னும் தெரியாத மாரி ஃபேன பாத்துக்கினு நிக்கறாரே, அவுருதான்."

நான் உண்மையிலேயே மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை அசடு வழிந்திருக்கிறேன். அத்தனையும் சேர்ந்து அன்றைக்கு வழிந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். பலகையைக் கையில் எடுத்தார். இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்து இரண்டு பலகையையும் அளந்தார். குழிக்குக் குழி ஒரு மில்லிகூட வித்தியாசம் இல்லை. "எதுல அளந்தீங்க?" என்றார்.

"நகத்துல, மேடம்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். "இதை நான் எழுதியாகணும். உங்க குச்சி மார்க்கை மத்தவங்களோட சேக்க முடியாது."

"அப்ப என்னைத் தூக்கிடுவீங்களா?" என்றார் மச்சான்.

"மார்க்கைத்தான் தூக்குவேன், உங்களை இல்ல. வீட்டுல இதை வெச்சுப் பழகாதீங்கன்னு நாங்க சொல்லவே இல்லையே. அந்தத் தப்பு எங்களோடது, அதையும் எழுதணும்." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை பண்ணீங்க?" என்றார்.

"ஷிப்டுல ஒரு அம்பது வாட்டி. ஊட்ல எண்ணல."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. காந்தத்துகிட்ட பழகிக் காட்ட முடியாது. வந்தா வரும்."

வெள்ளைத் தொப்பி. ஒட்டுகள். முதல் நாள் வைத்த அதே குறிகள். உருகிய இரும்பு நிரம்பிய வாளியை ஆள் தலைக்கு மேல் நகர்த்தியபோதும் நான் அப்படிப் பயந்ததில்லை.

டக். நேர்கோடு.

டக். நேர்கோடு. டாக்டர் பலத்தைக் கூட்டினார். கரண்டியை ஒரு விரல் அகலம் பின்னால் நகர்த்தினார். டக். நேர்கோடு. மச்சான் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர், கரண்டியின் சாய்வை மட்டும் கொஞ்சம் மாற்றினார்.

டக்.

விரல் அசையவில்லை. நான் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக அசையவில்லை. ஆனால் டாக்டரின் கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. திரையைப் பார்த்தேன். பச்சைக் கோட்டில், போர்வைக்கு அடியில் ஒரு எறும்பு நகர்ந்த மாதிரி ஒரு மேடு.

"இது கருவியோட இரைச்சலா இருக்கலாம்" என்றார் மெதுவாக. கரண்டியை நகர்த்தாமல் மறுபடி அழுத்தினார். அதே இடத்தில் அதே மேடு. மறுபடி. அதே மேடு. "ஐயா, கட்டைவிரலை லேசா, ரொம்ப லேசா அழுத்தப் பாருங்க. அப்படியே வெச்சிருங்க." மச்சான் மூச்சைப் பிடித்து முயன்றார். டக். எறும்பு எலியாகிவிட்டது. என் கோட்டில் வந்ததில் கால்வாசிகூட இல்லை. என்னுடையதைவிடத் தாமதமாகவும் வந்தது. ஆனால் வந்தது.

"அறுந்துபோகல" என்றார் டாக்டர்.

மச்சான் கண்ணைத் திறந்தார். திரையைப் பார்த்தார். "இன்னொரு தபா போடுங்கோ" என்றார்.

போட்டார். இன்னொரு தபா. எத்தனை முறை என்று யாரும் எண்ணவில்லை. அடைத்துப்போன மூளையின் ஓரமாக, எந்தச் சந்து வழியாகவோ, ஒரு சேதி கிளம்பி, கழுத்தில் இறங்கி, தோளைச் சுற்றி, முழங்கையைத் தாண்டி, விரலடிக்கு வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகிறது. கத்தி வைக்காமல், ஒரு துளி ரத்தம் சிந்தாமல், நாலு பேர் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோட்டைச் சுவர் டெக்னீஷியன்கூட வாசலில் வந்து நின்றிருந்தார். எனக்குக் கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. டாக்டரையா, கருவியையா, மச்சான் மண்டையையா. அதனால் தொப்பியைக் கழற்றுகிற சாக்கில் அவர் தலையைத் தொட்டுக்கொண்டேன். கருமணல் ஒட்டியது.

ஆராய்ச்சி முடிந்து வெகு நாள் கழித்து அந்தக் கவரைப் பிரித்தார்கள். மச்சானுக்கு வைத்தது நிஜக் காந்தம்தான் என்று டாக்டர் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, அதை வைத்து உங்கள் விஷயத்தில் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, பலகை குறுக்கே வந்துவிட்டது என்றும் சொன்னார். காந்தம் கதவைத் திறந்ததா, குச்சிகள் தட்டித் தட்டித் திறந்தனவா, அல்லது காலமே திறந்ததா, யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான். மூளை ஆராய்ச்சிக்கு என் பங்களிப்பு அதுதான்.

வலது கை முழுதாக வரவில்லை. கட்டைவிரல் சைகை காட்டுகிற அளவுக்கு நிமிரவே இல்லை. ஆனால் பிடி வந்தது. முதலில் சீப்பு, பிறகு தம்ளர், பிறகு வாளி. அடுத்த மழைக்காலம் முடிந்து கம்பெனி டாக்டர், ஒரு கயிற்றின் முனையை அவர் வலது கையில் கொடுத்து, மறுமுனையை இரண்டு ஆட்களை விட்டு இழுக்கச் சொன்னார். அவர்கள்தான் நகர்ந்தார்கள். கயிறு வலது கையில், சைகை இடது கையில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் அவர் ஃப்ளோரில் வந்து நின்றபோது, பாரத்தைத் தூக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இறக்கியதுதான் நினைவில்லை. கூண்டுக் கண்ணாடி முழுக்க மங்கலாக இருந்தது. உலைப் புகை என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். வார்ப்பு தரையில் 'தொம்' என்று உட்கார்ந்து ஷாப்பே அதிர்ந்தது. நாலா பக்கமும் வசவு. அந்தச் சத்தத்திலும் மச்சான் குரல் மட்டும் தனியாகக் கூண்டுவரை வந்தது.

"யோவ் மாப்ள! கண்ண எங்க வெச்சிக்கினு கீற? கை காட்டறது தெரியல?"